ஒரு கொப்பி, ஒரு களப்பு: திருகோணமலையில் உயிரினங்களைக் கவனிக்கத் தொடங்குவோருக்கு

பறவை பார்க்கப் பழக விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எங்கே போனால் நல்லாப் பார்க்கலாம்?" என்றுதான். குமண, வில்பத்து, மன்னார் என்று ஏதாவது பெரிய பெயரை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். நாங்கள் சொல்வது வேறு. வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஒரு நீர்நிலையைத் தெரிவுசெய்யுங்கள். இறக்கக்கண்டிக் களப்பாக இருக்கட்டும், தம்பலகாமத்து வயல்வெளியாக இருக்கட்டும், கிண்ணியாப் பக்கத்துக் கண்டல் கரையாகவோ கந்தளாய்க் குளக்கட்டாகவோ இருக்கட்டும். அந்த ஒரே இடத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை போங்கள்.

காரணம் இருக்கிறது. ஒரு களப்பின் ஓரத்தை மண் போட்டு நிரப்பப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே என்ன இருந்தது என்ற கேள்வி எழும்போது, "நிறையப் பறவை வரும் சேர்" என்ற பதில் எந்தக் கூட்டத்திலும் எடுபடாது. "இரண்டு பெரும்போகங்களாகக் கிழமைதோறும் எண்ணியிருக்கிறோம். திகதி, நேரம், எண்ணிக்கை எல்லாம் இந்தக் கொப்பியில் இருக்கிறது" என்றால் அந்தப் பேச்சு வேறு மாதிரிப் போகும். அந்தக் கொப்பியை எழுதப் பட்டம் தேவையில்லை. பக்கத்தில் குடியிருப்பவராலும் பொறுமை உள்ளவராலும்தான் அது முடியும். பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போவார். மிச்ச நாட்களில் அங்கே என்ன நடந்தது என்பது ஊராருக்குத்தான் தெரியும், அதுவும் எழுதி வைத்தால் மட்டும்.

வாங்க வேண்டிய சாமான் அதிகமில்லை. பைனாகுலர் என்றால் 8×42 போதும். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். 10×50 கூடுதலாகக் காட்டும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. பாரம் கூட, காட்சிப் பரப்பும் பெரும்பாலும் குறைவு, கை நடுக்கமும் பெரிதாகித் தெரியும். வாடைக்காற்று அடிக்கும் களப்புக் கரையில் நின்று அதைப் பிடித்துப் பார்த்தால் புரியும்.

புதிதாக வாங்கியவர்கள் பலர் அதைச் சரிசெய்யாமலே பாவிக்கிறார்கள். பிறகு தலையிடி, மங்கல் என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள். முதலில் இரண்டு குழாய்களையும் மடித்து விரித்து, இரு கண்ணுக்கும் ஒரே வட்டம் தெரியும் வரை கொண்டுவாருங்கள். பிறகு வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மூடி, தூரத்தில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை இடக்கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அடுத்து இடப்பக்கத்தை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தில் பேனையால் ஒரு புள்ளி போட்டுவிட்டால் இனி நடுச்சக்கரம் மட்டும்தான் வேலை. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்பக்க இறப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் காட்சி ஒடுங்கிவிடும்.

கரையோரத்தில் பைனாகுலரின் எதிரி மணலும் உப்பும்தான். சேட்டு நுனியால் துடைத்தால் ஒட்டியிருக்கும் மணல் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதி அல்லது மென்தூரிகையால் மணலை விழுத்துங்கள். அதன் பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த கண்ணாடித் துணியால் துடையுங்கள். மாரியில் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பக்கற்றுகளோடு வைத்தால் தப்பும்.

கமெராவை முதலில் வாங்காதீர்கள் என்று நாங்கள் அழுத்திச் சொல்வோம். படம் வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் கால் தானாக முன்னே போகும், பறவை எழும்பும். பைனாகுலர் ஆளை நின்ற இடத்தில் நிற்க வைக்கும்.

இங்கே வெயில் கடலில் இருந்து எழும்புகிறது. புல்மோட்டை வீதியில் வடக்கே போகும்போது வலப்பக்கம் கடல், களப்புகள் பெரும்பாலும் இடப்பக்கம். காலை 6 மணிக்கும் 8.30க்கும் இடையில் வீதிப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் வெளிச்சம் உங்கள் முதுகில் பட்டுப் பறவை மேல் விழும், காலின் நிறம்கூடத் தெரியும். அதே களப்பைப் பின்னேரம் அதே இடத்தில் நின்று பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழல்தான். கடல் பார்ப்பதற்குத்தான் பின்னேரம்.

நம் களப்புகளில் இன்னொரு விசயம் உண்டு. கிழக்குக் கரையில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. களப்பின் தண்ணீர் மட்டத்தை முடிவுசெய்வது மழையும் முகத்துவாரமும்தான். மணல்திட்டு அடைத்திருந்தால் தண்ணீர் ஏறி நிற்கும். முகத்துவாரம் வெட்டப்பட்டதும் மட்டம் இறங்கி, சேறு வெளியே தெரியும், சேற்றில் இரை தேடும் உள்ளான் கூட்டம் அங்கே குவியும். இதை எழுதாதவர், போன கிழமை 30, இந்தக் கிழமை 600 என்று கண்டு குழம்பிப்போவார். ஆகவே பாலத் தூணிலோ மதகுச் சுவரிலோ அசையாத ஓர் அடையாளத்தைத் தெரிவுசெய்து, தண்ணீர் அதற்கு எத்தனை விரற்கடை கீழே அல்லது மேலே என்று ஒவ்வொரு முறையும் குறியுங்கள். முகத்துவாரம் திறந்ததா அடைத்ததா என்பதை அங்கே வலை வீசுகிறவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் தகவல் எந்த வரைபடத்திலும் கிடைக்காது.

இனிப் பறவைக்கு வருவோம். ஆரம்பத்தில் எல்லாருடைய கொப்பியிலும் இருக்கும் வரி, "வெள்ளைக் கொக்கு 40". அந்த 40க்குள் நாலு இனம் இருக்கக்கூடும். அலகும் காலும் கறுப்பாக இருந்து, பறக்கும்போது பாதம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் அது சின்ன வெள்ளைக்கொக்கு. அலகு கட்டையாகவும் மஞ்சளாகவும் இருந்து, மாட்டுக்குப் பின்னாலோ உழவு மெசினுக்குப் பின்னாலோ போனால் உண்ணிக்கொக்கு; இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகிவிடும். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். அலகின் நிறத்தை நம்ப முடியாது, இரண்டுக்கும் பருவத்தோடு மஞ்சள் கறுப்பாக மாறும். வாயின் கோட்டைப் பாருங்கள். அலகு பிரியும் அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே நீண்டால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரம். இதைப் பார்க்கத்தான் நல்ல வெளிச்சமும் சரிசெய்த பைனாகுலரும் வேண்டும். இன்னொன்று: மண்ணிறமாகக் குந்தியிருக்கும் குருட்டுக்கொக்கு எழும்பினதும் இறக்கை வெள்ளையாகிவிடும். தூரத்தில் எழும்பும் வெள்ளையெல்லாம் கொக்கு என்று எண்ணினால் கணக்குப் பிழைத்துவிடும்.

தெரியாத பறவை வந்தால் உடனே போனை எடுக்காமல், அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். உருவம் சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக அளவா? அலகு தலையைவிட நீளமா? நேரா, வளைவா? காலின் நிறம் என்ன? நடந்து கொத்துகிறதா, ஓடி நின்று கொத்துகிறதா? உள்ளான்கள் அலகைச் சேற்றில் விட்டுத் துழாவிக்கொண்டே போகும். உப்புக்கொத்திகள் ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓடும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டாலே பாதி வேலை முடிந்தது. நிச்சயமில்லாவிட்டால் "உள்ளான் வகை, 12" என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

கூட்டத்தை எண்ணுவதற்கு, ஒரு விளிம்பில் 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதியுங்கள். பிறகு அந்த அளவை மறு விளிம்பு வரை நகர்த்திக்கொண்டே பத்துப் பத்தாக எண்ணுங்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் நூறு நூறாக. நெருக்கமாக நிற்கும் கூட்டத்தை எல்லோரும் குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள், அதனால் மறு பக்கத்திலிருந்து இன்னொரு முறை எண்ணுங்கள். இரண்டு பேர் போனால் இருவரும் தனித்தனியே எழுதிய பிறகுதான் வாய் திறக்க வேண்டும். முதலில் சொன்னவரின் எண் மற்றவரின் கண்ணை இழுத்துவிடும்.

எழுதுவது பென்சிலில். பேனை மை மழையிலும் வியர்வையிலும் கரையும். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நின்ற இடம், காற்று, மேகம், தண்ணீர் மட்டம், இனம், எண்ணிக்கை, என்ன செய்துகொண்டிருந்தது, இத்தனையும் வேண்டும். ஒன்றும் இல்லாத நாளை எழுதாமல் விடாதீர்கள். "6.10 முதல் 7.00 வரை, செங்கால் நாரை இல்லை" என்ற வரிக்கும் பெறுமதி உண்டு. ஒரு இனம் எப்போது வராமல் விட்டது என்று பின்னால் தேடுகிறவருக்கு அந்தப் பூச்சியங்கள்தான் சாட்சி.

கொப்பியில் உள்ளதை இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றலாம். கண்ட இனங்கள் எல்லாவற்றையும் பதிவிட்டீர்களா என்று அது கேட்கும். அழகான பறவையை மட்டும் போட்டுவிட்டு "ஆம்" என்று அழுத்தக் கூடாது. காகத்தையும் மைனாவையும் சேர்த்தால்தான் பட்டியல் முழுமை. பூச்சி, செடி, ஓணான், சிப்பி போன்றவற்றைப் படத்தோடு பதிய ஐநாச்சுரலிஸ்ட் (iNaturalist) தளம். ஒரு உயிருக்கு ஒரு பதிவு, ஆனால் படம் மூன்று கோணத்தில். வண்ணத்துப்பூச்சி என்றால் இறக்கையின் மேற்புறமும் அடிப்புறமும், செடி என்றால் இலை, பூ, முழு உருவம். செயலி தரும் பெயரை அப்படியே ஏற்காதீர்கள், அந்த இனம் இலங்கையில் உண்டா என்று வரைபடத்தில் பாருங்கள். வட்சப்பில் வந்த படத்தை ஏற்றினால் நேரமும் இடமும் கழன்றுபோயிருக்கும். எடுத்தவரிடம் மூலப் படத்தையே கேட்டு வாங்குங்கள். கூடு, நட்சத்திர ஆமை போன்றவற்றின் இடத்தை மறைத்து வையுங்கள், தளத்தில் அதற்கு வசதி உண்டு. முகநூலில் ஊர்ப் பெயரோடு போட்ட ஒரு கூட்டின் படம் கமெராக்காரரையும் பிடிகாரரையும் சேர்த்தே கூட்டிவரும்.

புரட்டாதி முதல் சித்திரை வரை வலசை வந்தவை களப்பில் நிற்கும். அவை போன பிறகும் போவதை நிறுத்தாதீர்கள். களப்பு வற்றி, உப்புப் படிந்த வெளி தெரியும் அந்த வெயில் காலத்தில்தான் நம்முடையவை தரையில் முட்டையிடுகின்றன. கடற்கரை வெளிகளில் ஓடித்திரியும் சின்ன உப்புக்கொத்தியை நீண்ட காலமாக வேறு நாடுகளிலும் காணும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு பிரிவாகத்தான் வைத்திருந்தார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்வது தனி இனம் என்று 2023இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இப்போது அதன் பெயர் அனுமன் உப்புக்கொத்தி. உலகத்தில் இவ்வளவு சின்னப் பரப்பில் வாழும் ஒரு பறவை நிலாவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடைப்பட்ட வெளிகளில் ஓடக்கூடும் என்பது கவனிக்கிறவருக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு!

கூடு என்று ஒன்றுமில்லை. மண்ணில் ஒரு சிறு குழி, ஓரத்தில் சில சிப்பித் துண்டுகள், புள்ளி போட்ட மண்ணிற முட்டைகள். ஒரு கவட்டுத் தூரத்தில் நின்றாலும் தெரியாது. ஆக்காட்டியின் முட்டையும் அப்படித்தான், பெரும்பாலும் 4, கூரிய முனைகள் நடுவை நோக்கியபடி இருக்கும். நீங்கள் கூட்டை நெருங்குகிறீர்களா என்பதைப் பறவையே சொல்லும். முதலில் தாய் தலையைத் தாழ்த்தி ஓசையில்லாமல் ஓடிவிடும். பிறகு மேலே எழும்பிக் கத்தும். கத்தல் வேகமாகி உங்கள் தலைக்கு மேல் பாயத் தொடங்கினால் மிக அருகில் நிற்கிறீர்கள். உப்புக்கொத்தி என்றால் இறக்கை முறிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு உங்களை வேறு பக்கம் கூட்டிப்போகப் பார்க்கும். அந்த நேரத்தில் முட்டையைத் தேடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, காலடியைப் பார்த்து, வந்த காற்தடத்திலேயே திரும்பி நடவுங்கள். நடுப்பகலில் தாய் எழும்பி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகிறது. ஆக்காட்டி தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்ந்து சூட்டைத் தணிப்பதைத் தூரத்தில் இருந்து பார்க்கலாம். அந்த வேலையை நாம் தடுத்துவிடக் கூடாது. அடையாளத்துக்குத் தடி நடவும் வேண்டாம், காகம் கவனிக்கும். வெளிக்குள் மோட்டார் சைக்கிள் ஓடும் பாதையில் கூடு இருந்தால், அந்த வழியால் வருகிற பிள்ளைகளிடம் நேரே பேசுங்கள். தெரிந்துகொண்டால் பெரும்பாலும் அவர்களே காவலாகிவிடுவார்கள்.

கடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பங்குனி, சித்திரை மாதங்களில் கடல் அமைதியாகும்போது கோணேசர் மலையில் நின்றே நீலத்திமிங்கிலத்தைப் பார்க்க முடியும். கரைக்கு மிக அருகிலேயே ஆழப் பள்ளம் தொடங்குவதுதான் காரணம். நேராக மேலே 9 மீற்றர் அளவுக்கு எழும் மூச்சு நீலத்திமிங்கிலம். முன்புறம் இடப்பக்கமாகச் சரிந்து எழுந்தால் எண்ணெய்த் திமிங்கிலம். மலையில் இருந்து பார்ப்பதால் எந்த உயிருக்கும் இடைஞ்சல் இல்லை. படகில் போனால் திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது, முன்னால் குறுக்கே விடவும் கூடாது. ஏறுவதற்கு முன்பே படகோட்டியிடம் "கிட்டப் போக வேண்டாம் அண்ணை" என்று சொல்லிவிடுங்கள். பயணிகள் கேட்பார்கள் என்று நினைத்துத்தான் பலர் துரத்துகிறார்கள்.

நிலாவெளிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள புறாமலை 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. அங்கே முருகைக்கல்லின் மேல் காலூன்றாதீர்கள். கிளைவிடும் வகை வேகமாக வளர்ந்தால் வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர், உருண்டை வகை ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். வெயிலுக்குக் கிரீம் பூசுவதற்குப் பதிலாக நீண்ட கைச்சட்டை போட்டு இறங்குங்கள். ஒரே முருகைக்கல்லை ஒரே பக்கத்திலிருந்து, திகதியோடு, பருவத்துக்கு ஒருமுறை படம் எடுத்து வைத்தால் அது நல்ல ஆவணம். பளிச்சென்ற வெள்ளையாக இருந்தால் வெளிறியிருக்கிறது, இன்னும் பிழைக்கலாம். அழுக்குப் பச்சையாகப் பாசி படர்ந்திருந்தால் இறந்துவிட்டது. கடலாமை இரவில் கரையேறினால் வெள்ளை வெளிச்சம் வேண்டாம், முன்னால் போகவும் வேண்டாம். முட்டையைத் தோண்டி இடம் மாற்றுவது உதவி அல்ல. இட்டுச் சில மணித்தியாலத்துக்குப் பிறகு புரட்டினாலே உள்ளிருக்கும் கரு இறந்துபோகக்கூடும்.

நகரத்துக்குள் திரியும் புள்ளிமான்களுக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான், உப்பும் குழம்பும் ஒட்டிய லஞ்ச் சீற்றை வெளியே வீசாமல் இருப்பது. மான் அசைபோடும் விலங்கு. பொலித்தீன் அதன் முதல் இரைப்பையைத் தாண்டிப் போகாது, அங்கேயே திரண்டு கட்டியாகும். வயிறு நிறைந்ததுபோல் இருக்க, மான் மெலிந்து சாகும்.

திருகோணமலைக்கே உரிய ஒரு எச்சரிக்கை. துறைமுகம், சீனக்குடா, கோட்டைப் பகுதி எல்லாம் படையினர் உள்ள இடங்கள். முகாம் பக்கம் பைனாகுலரையோ நீளக் கமெராவையோ திருப்பாதீர்கள், ட்ரோன் வேண்டவே வேண்டாம். அடையாள அட்டையும் பறவைக் கொப்பியும் கையில் இருக்கட்டும். காவலில் நிற்பவரிடம் முதலே போய்ச் சொன்னால் பெரும்பாலும் சிக்கல் வராது. கந்தளாய், சேருவில பக்கம் யானைப் பாதைகளில் விடியுமுன் நடக்காதீர்கள், குளக்கட்டில் தண்ணீர் விளிம்பில் குந்தாதீர்கள், முதலை உண்டு. புல்லுக்குள் போனால் சப்பாத்து. பாம்பு கடித்தால் கட்டவோ வெட்டவோ வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கண்ணி, கடலாமை இறைச்சி, டைனமைற் மீன், காயப்பட்ட விலங்கு எதைக் கண்டாலும் நேரே சண்டைக்குப் போகாதீர்கள். இடம், நேரம், படகின் பதிவிலக்கம், வாகன இலக்கம், தூரத்தில் இருந்து ஒரு படம், இவற்றோடு வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள். யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதையும் கொப்பியில் எழுதுங்கள். வெடியில் செத்த மீனை வாங்குகிறவரே கண்டுபிடிக்கலாம்: உடல் தொளதொளவென்று இருக்கும், வெட்டினால் முள்ளெலும்பு உடைந்து உள்ளே இரத்தம் கண்டியிருக்கும்.

தனியாகத் தொடங்கியவர்கள் தையில் ஒரு படி மேலே போகலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் நடக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைத் தளமாகக் கொண்டு 1976இல் தொடங்கிய களப் பறவையியல் குழுவோடு தொடர்புகொண்டு உங்கள் களப்பின் எண்ணிக்கையைக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அதற்கு முன் மார்கழியிலேயே அந்த இடத்தை இரண்டு தடவை எண்ணிப் பழகுங்கள். கணக்கெடுப்பு நாளில் அடைமழை என்றால் நின்று நனைய வேண்டாம், தண்ணீர் மட்டத்தை மட்டும் குறித்துக்கொண்டு மறுநாள் காலை 6 மணிக்கு மறுபடி போங்கள்.